கடலோர வீட்டுக்கு எந்த ஃபேன்?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஹால் 18க்கு 11 அடி, இரண்டு படுக்கையறைகள் 10க்கு 10. நான்கு வருஷத்துக்கு முன் போட்ட ஃபேன்கள் துருப்பிடித்துவிட்டன. கடைக்காரர் ‘ஹை ஸ்பீடு’ ஃபேன் எடுக்கச் சொல்கிறார், மகன் பிஎல்டிசி (கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள ஃபேன்) என்கிறான். எதை வாங்குவது?

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. ஆனால் அதற்கு முன் துருவைப் பற்றிப் பேசிவிடுவோம். கடைக்குப் போகும்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள். றெக்கையில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, வேண்டாம். அலுமினிய றெக்கையில் ஒட்டாது. ராடு எப்படியும் இரும்புதான். அதில் போல்ட் போகும் ஓட்டையின் விளிம்பில் பெயிண்ட் உரிந்திருக்கும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். மாட்டுவதற்கு முன் அந்த இடத்தில் ரெட் ஆக்ஸைடு ஒரு பூச்சு பூசிவிடுங்கள்.

பழைய போல்ட்டையும், அது கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின்னையும் திரும்பப் போட விடாதீர்கள். புதுச்சேரி குருசுக்குப்பத்தில் என் தங்கை வீட்டு ஃபேனை இறக்கியபோது அந்தப் பின் விரலில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதற்கு நேர் கீழேதான் குழந்தையின் தூளி கட்டியிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது. தளத்தில் இருக்கும் ஹூக்கையும் பாருங்கள். அதைச் சுற்றிப் பழுப்புக் கறையோ விரிசலோ இருந்தால், சரிசெய்யாமல் எதையும் தொங்கவிடக் கூடாது.

வேகத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். பெட்டியில் ‘ஏர் டெலிவரி’ என்று போட்டிருப்பார்கள், நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்ற கணக்கு. 48 அங்குல ஃபேனுக்கு அது 210க்கு மேல் இருந்தால் நல்லது. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம், அதையும் பாருங்கள். படுக்கையறைக்கு 48 அங்குலம் ஒன்று போதும். ஹாலுக்கு 56 அங்குலத்தில் ஒன்றைப் போட்டால் இரண்டு ஓரமும் புழுங்கும். 48 அங்குலத்தில் இரண்டாகப் போடுங்கள்.

சரி, பிஎல்டிசிக்கு வருவோம். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட்டில் ஓடும். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். நான்கு ஃபேனுக்கும் சேர்த்து ஏறக்குறைய 130 யூனிட், அதாவது இரண்டு மாதத்துக்கு நமக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டைவிட அதிகம். விலை கூடுதல்தான், ஆனால் நாள் முழுக்க ஓடும் அறையில் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும். இன்வெர்ட்டரிலும் இரண்டு மடங்கு நேரம் தாங்கும். 2011இல் தானே புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

இதற்குப் பழைய ரெகுலேட்டர் கூடாது. எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி ஒயரை நேராக ஸ்விட்சுக்குக் கொடுத்துவிடுங்கள். உள்ளே எலெக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. வாரண்டியில் அந்தப் போர்டும் சேருமா, கடலூரிலோ புதுச்சேரியிலோ சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். ரிமோட் தொலைந்தாலும் ஸ்விட்சைத் தட்டியே வேகம் மாற்றக்கூடிய மாடல்கள் உண்டு, உங்கள் வீட்டுக்கு அதுதான் வசதி. அப்புறம், பில்லில் மாடல் எண்ணையும் தேதியையும் எழுதச் சொல்லி, கையோடு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.