அப்பாவின் இஸ்திரிப் பெட்டி விளக்காகுமா?

கேள்வி: என் அப்பா தையல்காரர். இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய கத்தரிக்கோல், மர ஸ்கேல், பித்தான்கள், அளவு நோட்டு எல்லாவற்றையும் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் போட்டு, மேலே பல்ப் பொருத்தி மேசை விளக்கு செய்யலாமா? கரி இஸ்திரிப் பெட்டி மட்டும் ஜாடிக்குள் நுழையாது. அதை என்ன செய்ய?

பதில்: ஜாடி வேண்டாம், மியூசியம் மாதிரி ஆகிவிடும். அவையெல்லாம் உழைத்துப் பழகிய பொருட்கள். விளக்கிலும் ஆளுக்கொரு வேலை கொடுங்கள். இத்தாலியின் காஸ்டிலியோனி சகோதரர்கள் 1962இல் வடிவமைத்த ‘டோயோ’ விளக்கில் கார் ஹெட்லைட்தான் வெளிச்சம். தூண்டில் வளையங்கள் வயரைப் பிடித்துக்கொள்ளும். அடியிலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரே விளக்கு சாயாமல் இருக்கப் பாரம்.

உங்களுக்கு அந்தப் பாரம் ஜாடியில் நுழையாத இஸ்திரிப் பெட்டிதான். உள்ளே ஒட்டியிருக்கும் சாம்பலைப் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பாலிஷ் போட வேண்டாம். கைபட்டுத் தேய்ந்த பிடி அப்படியே இருக்கட்டும். கரி போடுகிற இடத்தில் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பில் ஒரு துண்டு. பக்கவாட்டு ஓட்டைகள் வழியே வெளிச்சம் கனல் மாதிரி கசியும். ‘வார்ம் ஒயிட்’, 2700 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளை வெளிச்சம் போட்டால் மொபைல் கடைதான்.

இரும்புப் பெட்டி என்பதால் 230 வோல்ட் அதற்குள் போகவே கூடாது. அதை 12 வோல்ட்டாக மாற்றும் அடாப்டர் சுவர் பிளக்கிலேயே இருக்கட்டும். மொத்தம் ஒரு மீட்டருக்கு உட்பட்ட ஸ்ட்ரிப்புக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போதும். வெட்டிய முனை இரும்பில் பட்டால் ஷார்ட் ஆகும், இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். வயர் வெளியே வரும் ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு வயரை அறுத்துவிடும்.

ஸ்கேலை நிறுத்தி, பிடியைத் தாங்கும் கம்பியோடு இரண்டு இடத்தில் தடித்த நூலால் இறுக்கிக் கட்டுங்கள். துளை போடாதீர்கள், நாளைக்கு மனசு மாறினால் அவிழ்த்துவிடலாம். உச்சியில் இன்னொரு துண்டு ஸ்ட்ரிப், அதைச் சுற்றி காகிதக் கூடு. காகிதத்துக்கும் ஸ்ட்ரிப்புக்கும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும்.

அந்தக் கூட்டில்தான் நீங்கள் வருகிறீர்கள். தீபாவளிக்குத் தீபாவளி அப்பா உங்களுக்கு அளவெடுத்திருப்பார் அல்லவா? நோட்டில் அந்தப் பக்கங்களைத் தேடுங்கள். பாவாடை நீளம் 22, அடுத்த வருஷம் 25, அப்புறம் 29. அவற்றை டிரேசிங் தாளில் ஜெராக்ஸ் எடுத்து, எழுத்து வெளிப்புறம் பார்க்கும்படி உள்ளடுக்காக வைத்து, மேலே கொஞ்சம் தடித்த வெற்றுத்தாள் சுற்றுங்கள். அணைந்திருக்கும்போது வெறும் வெள்ளைக் கூடு. சுவிட்சைப் போட்டால் அப்பாவின் கையெழுத்தில் நீங்கள் வளர்ந்த கணக்கு தெரியும். அசல் நோட்டு பீரோவில் இருக்கட்டும்.

பித்தான்கள் டப்பாவிலேயே இருக்கலாம். கத்தரிக்கோலையும் விளக்கில் சேர்க்க வேண்டாம். சாணை பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுக்குத் தாள் வெட்ட மட்டும் அதை எடுத்துவிடாதீர்கள். துணிக் கத்தரியால் காகிதம் வெட்டினால் அப்பா என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.