'பேங்க் மாப்பிள்ளை' என்ற மதிப்பு இப்போது ஏன் இல்லை?

எங்கள் வீட்டில் தாத்தா அருப்புக்கோட்டையில் தறி நெய்தவர். அப்பா பி.காம். முடித்து, 1970களின் கடைசியில் அரசு வங்கி ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்தார். நான் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். நீங்கள் கேட்கும் மாற்றம் எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது.

1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. அப்போது நாடு முழுக்க எட்டாயிரத்துச் சொச்சம் கிளைகள்தான். 1990இல் அது ஏறக்குறைய 60,000. இவ்வளவு வேலை உருவான பிறகும் மதிப்பு இறங்கவில்லை, ஏறியது. ஊரில் பட்டம் படித்தவர்கள் சொற்பம். நூல் வாங்கப் பணம் வேண்டுமென்றால் அதுவரை வட்டிக்காரரிடம்தான் போக வேண்டும். இனி பேங்க் மேனேஜர் கையெழுத்துப் போட்டால் போதும். அப்பா கடன் கொடுக்கும் இடத்தில் இல்லை, கவுன்ட்டரில் உட்கார்ந்து லெட்ஜர் எழுதியவர். ஆனாலும் சாயங்காலம் எங்கள் திண்ணையில் பத்திரத்தோடு யாராவது காத்திருப்பார்கள், எந்த பாரத்தை எப்படி நிரப்புவது என்று கேட்க. தாத்தாவுக்குக் கூலி வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அப்பாவுக்கு மாதச் சம்பளம், வீட்டுக்கடன், பின்னால் பென்ஷன். பெண் வீட்டார் தேடி வந்ததில் ஆச்சரியமே இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய தனியார் வங்கிகள் பல வணிகக் குடும்பங்களின் கையில் இருந்தன; தெரிந்தவர், சொந்தக்காரர் என்றுதான் பெரும்பாலும் ஆள் எடுத்தார்கள். நாட்டுடைமைக்குப் பிறகு தேர்வும் பட்டியலினத்தார், பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடும் வந்தன. 1993இல் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் வந்தது.

கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் காற்று திசை மாறியது. 1991க்குப் பிறகு பொருளாதாரம் திறந்தது. 80களின் நடுவிலிருந்து பெருகிய சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பி.இ. படித்தவர்களை ஆயிரக்கணக்கில் அனுப்பின. 2000இல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மென்பொருளுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். 2000-01 விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வங்கி ஊழியர்கள் வெளியேறினார்கள். பிறகு ஏடிஎம், செல்போன் என்று வந்ததில் கேஷியர் முன்னால் டோக்கனோடு நிற்கும் தேவையே குறைந்துபோனது.

ஆக, முதல் தலைமுறைப் பட்டதாரிகள் உள்ளே நுழைந்த நேரம் பார்த்து, ஏற்கெனவே மேலே இருந்தவர்கள் வேறு ஏணிக்கு மாறிவிட்டு, "பேங்க் வேலையா, அதில் என்ன இருக்கிறது" என்கிறார்கள். என் சொந்தக்காரர்களே இப்படிப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. மதிப்பு போனது அவர்கள் கணக்கில் மட்டும்தான். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு பெண், அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் கிளார்க் தேர்வில் தேறினால், இன்றும் அந்தத் தெருவே அவளைப் பார்க்கும். அப்பாவுக்கு அன்று கிடைத்ததற்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

அவளுக்கு உண்மையிலேயே குறைந்திருப்பது வேறு. 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அப்பா வாங்கும் பென்ஷன் கிடையாது, ஊழியரும் வங்கியும் மாதாமாதம் பணம் போட்டுச் சேர்க்கும் பங்களிப்பு முறைதான். கடனுக்கு வருகிறவரிடம் இன்சூரன்ஸையும் விற்றாக வேண்டும் என்ற டார்கெட் வேறு. திண்ணையில் நம்பி வந்து உட்கார்ந்தவர்களிடம் அப்பா எதையும் விற்க வேண்டியிருக்கவில்லை. பேங்க் வேலையின் மதிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முதலில் இந்த இரண்டையும் பற்றித்தான் பேச வேண்டும்.