அன்றாடப் படங்களும் மிரர்லெஸ் கேமராவும்: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் பழைய டிஎஸ்எல்ஆர் உள்ளது. வீட்டில் படம் எடுப்பதற்காக மட்டும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதில் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் படத்தின் தரம் கூடும் என்று எண்ணி மாற வேண்டாம். ஒளியைப் படமாகப் பதியும் சென்சாரின் அளவும் லென்ஸின் தரமும் ஒன்றாக இருந்தால் இரண்டிலும் படம் ஏறக்குறைய ஒன்றுபோலவே வரும். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியே வரும் ஒளியைக் கண்ணாடி மேலே திருப்பி விடுவதால் நீங்கள் பார்ப்பது எதிரில் உள்ள காட்சியை. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே இல்லாததால் ஒளி நேராகச் சென்சாரில் விழுகிறது; நீங்கள் பார்ப்பது எடுக்கப்போகும் படத்தை. 2008இல் வெளிவந்த பானசோனிக் ஜி1 தொடங்கி இன்றுவரை இவ்வகைக் கேமராக்களின் தலையாய சிறப்பு இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஜன்னலோரம் அமர்ந்திருப்பவரைப் படம் எடுத்தால் முகம் வெளுத்துப் போகிறது. என்ன செய்வது?

பதில்: மேலே சொன்ன சிறப்பு கைகொடுக்கும் இடம் இதுவே. ஒரு முதியவர் ஜன்னலருகே ஊசியில் நூல் கோக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையின் பெரும்பகுதி இருட்டாக இருப்பதால் கேமரா அந்த இருட்டையும் வெளிச்சமாக்க முயன்று, ஒளி விழும் கன்னத்தையும் விரல்களையும் வெளுக்கச் செய்துவிடுகிறது. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் சக்கரத்தை மைனஸ் ஒன்று வரை மெல்லத் திருப்புங்கள். பின்சுவர் இருளில் அமிழும். விரல் நுனியின் சுருக்கங்களும் நூலின் பிசிறும் தெளிந்து வரும். அந்த மாற்றம் கண்ணெதிரே நிகழ்வதைப் பார்ப்பது, எத்தனை ஆண்டுகள் படம் எடுத்தவருக்கும் அலுக்காத மகிழ்ச்சி.

கேள்வி: கேமராவோடு வந்த ஜூம் லென்ஸ் போதுமா?

பதில்: பகலில் போதும். வீட்டுக்குள் மாலை நேரத்தில் அது திணறும். ஜூம் லென்ஸின் நீண்ட முனையில் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, பெரும்பாலும் எஃப்/5.6 அளவுக்குச் சுருங்கிவிடும் (எண் சிறிதானால் துளை பெரிது), எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுவதால், 6400 ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு) தேவைப்பட்ட இடத்தில் சுமார் 640 போதும். உங்கள் கேமராவின் சென்சார் அளவைப் பொறுத்து, ஃபுல் ஃப்ரேமுக்கு 35 மி.மீ., ஏபிஎஸ்-சிக்கு 23 மி.மீ., மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 17 மி.மீ. எனச் சிறிய பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத லென்ஸ்) ஒன்றைப் பொருத்தி, சில மாதங்கள் கழற்றாமலே பழகிப் பாருங்கள்.

கேள்வி: சத்தமில்லாத ஷட்டரில் எடுத்தால் எல்இடி விளக்கின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுகின்றன. கேமராவில் பழுதா?

பதில்: பழுதன்று. சத்தமில்லாத ஷட்டர் என்பது எலெக்ட்ரானிக் ஷட்டர்; அதில் பெரும்பாலான சென்சார்கள் படத்தை வரி வரியாகவே படிக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. ஒரு வரி பிரகாசத்திலும் அடுத்தது மங்கலிலும் பதிவாவதால் வருவதே அந்தப் பட்டை. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, வேகத்தை 1/100 அல்லது 1/50 என வையுங்கள்; 60 ஹெர்ட்ஸ் மின்சாரமாயின் 1/120 அல்லது 1/60.

கேள்வி: பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே?

பதில்: திரையும் வியூஃபைண்டரும் சென்சாரும் ஓயாமல் இயங்குவதே காரணம். தானாக அணையும் நேரத்தைக் குறைத்து, கூடுதலாக ஒரு பேட்டரியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவின் ஃபிலிம் கேமரா லென்ஸ் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதைப் பயன்படுத்த முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். பழைய எஸ்எல்ஆர் லென்ஸ்கள் ஃபிலிமிலிருந்து ஏறத்தாழ 45 மி.மீ. தள்ளி அமர்பவை, மிரர்லெஸ்ஸில் அந்த இடைவெளி 20 மி.மீ. அளவுதான் என்பதால், மிச்சமுள்ள இடத்தில் அடாப்டர் வசதியாகப் பொருந்திவிடுகிறது. பழைய லென்ஸைக் கேமரா அடையாளம் காணாது என்பதால், லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் தேர்வை மெனுவில் இயக்குங்கள். இல்லையெனில் பல கேமராக்கள் படமே எடுக்காது. ஃபோகஸை நீங்களேதான் திருப்ப வேண்டும்: வியூஃபைண்டரில் படத்தைப் பெரிதாக்கி, எதிரில் இருப்பவரின் கண்ணிமை முடிகள் தனித்தனியே தெரியும்வரை வளையத்தை நகர்த்தி, அங்கே நிறுத்தி அழுத்துங்கள்.