தலையை எண்ணத்தான் வேண்டும்

கேள்வி: 1992 உலக ஸ்போர்ட்ஸ்கார் சாம்பியன்ஷிப்பைச் 'சாகக் கிடந்த சீசன்' என்று போன இதழில் எழுதினீர்கள். பெஜோ 905, டொயோட்டா டிஎஸ்010 போல வேகமான கார்கள் அதற்கு முன் ஓடியதுண்டா? வேகத்தை விட்டுவிட்டு, எத்தனை கார் வந்தது என்று தலையை எண்ணுகிறீர்களே?

பதில்: கார்கள் அசுர வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பந்தயம் என்றால் தலையை எண்ணத்தான் வேண்டும். அந்த ஏப்ரலில் இத்தாலியின் மோன்சாவில் நடந்த முதல் பந்தயத்தையே பாருங்கள். முடியப்போகிற நேரத்தில் டால்மாஸ் ஓட்டிய பெஜோ மோதி உடைந்து நின்றுவிட்டது. அப்படியும் முடிவுப் பட்டியலில் அதற்குத்தான் இரண்டாமிடம்! நின்றுபோன காரைத் தாண்டிப் போகக்கூடப் பின்னால் ஆள் இல்லை. மோன்சாவை டொயோட்டா ஜெயித்தது. மிச்சம் ஐந்தும் பெஜோவுக்கு. அதன் ஓட்டுநர்கள் டால்மாஸும் வார்விக்கும் சாம்பியன்கள். சீசனே அவ்வளவுதான், மொத்தம் ஆறு பந்தயம்.

அதற்குப் பத்து வருஷம் முன்பு இதே சாம்பியன்ஷிப் எப்படி இருந்தது தெரியுமா? 1982-ல் வந்த குரூப் சி விதி, எந்த எஞ்சினை வேண்டுமானாலும் போட்டுக்கொள், அளந்து கொடுத்த பெட்ரோலுக்குள் ஓட்டி முடி என்றது. போர்ஷே தன் 956 காரை வெளி டீம்களுக்கும் விற்றது. 1983-ல் பிரான்ஸின் 24 மணி நேரப் பந்தயமான லே மான்ஸில் முதல் பத்து இடத்தில் ஒன்பது போர்ஷே. 1985-ல் போர்ஷேயின் சொந்த டீமையே, அதனிடம் கார் வாங்கிய யோஸ்ட் டீம் லே மான்ஸில் தோற்கடித்தது. எனக்கு இந்தப் பந்தயத்தின் மேல் பிரியம் வந்ததே அதனால்தான். கார் செய்தவனை, கார் வாங்கியவன் ஜெயிக்க முடிந்தது.

அந்தக் கதவைத்தான் சாத்தினார்கள். ஃபார்முலா ஒன்னில் இருப்பது போலவே டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) இல்லாத 3.5 லிட்டர் எஞ்சின் என்று விதி மாறியது. 1991-ல் புதுக் கார் 750 கிலோ இருந்தால் போதும், பழைய போர்ஷே 1,000 கிலோ சுமக்க வேண்டும். அடுத்த வருஷம் சாம்பியன்ஷிப்பில் அதற்கு இடமே இல்லை. புது எஞ்சினுக்குச் செலவு செய்யச் சின்ன டீம்கள் எங்கே போகும்? சரி, பெரிய கம்பெனிகளாவது நின்றனவா? ஜாகுவாரும் மெர்சிடிஸும் 1991 முடிந்ததும் கிளம்பிவிட்டன. 1991 லே மான்ஸை பிஸ்டன் இல்லாத ரோட்டரி எஞ்சினால் ஜெயித்த மஸ்டா, 1992-ல் ஜாகுவார் கைவிட்ட காரின் உடம்பில் ஜட் என்ற வெளிக் கம்பெனியின் எஞ்சினைப் பொருத்தி வந்தது. லே மான்ஸுக்கு மட்டும் பழைய போர்ஷேக்களை உள்ளே விட்டார்கள். அப்படியும் 28 கார்தான்.

1953-ல் தொடங்கிய சாம்பியன்ஷிப் அந்த சீசனோடு நின்றது. 1993 லே மான்ஸில் பெஜோ முதல் மூன்று இடத்தையும் பிடித்தபோது, அந்தக் கார்கள் ஓட உலக சாம்பியன்ஷிப் என்று ஒன்று இல்லை.