பத்துப் பாட்டில் மூன்று

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் பிறந்தது திருகோணமலை உப்புவெளியில். ஒன்பது வயதில் கனடா வந்துவிட்டேன். இங்கே ஆண்டுதோறும் நடக்கும் ஜூனோ இசை விருது விழாவை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். 2025இல் தென்னாசிய இசைக்கென்று தனிப்பிரிவு தொடங்கினார்கள். பட்டியலில் பெரும்பாலும் பஞ்சாபிக் கலைஞர்கள். சந்தோஷம்தான், ஆனாலும் மனதுக்குள் ஒரு குத்தல். ஈழத் தமிழர் ஒருவர் அந்த மேடையில் எப்போது ஏறுவார்? நம்மவர்களிடம் திறமை போதாதா? இலங்கையிலும் அப்படிப் பெரிய விருது ஒன்று இருந்திருந்தால் எங்கள் பாடல்கள் வளர்ந்திருக்குமே? அப்பாவின் பழைய கசெட் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தபோது இதெல்லாம் தோன்றியது.

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளைக்கு,

யார் எப்போது மேடை ஏறுவார் என்பதை விட்டுவிடுவோம். ஏறும்போது ஏறட்டும். பஞ்சாபிக்காரர்கள் வாங்கினால் வாங்கட்டும், அவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே கலியாண வீட்டில் போட்டு விடியவிடிய ஆடுகிறவர்கள்.

ஆனால் ‘திறமை போதாதா’ என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த வரியில் எனக்குக் கோபம் வந்தது. கடைசியாக எப்போது ஓர் ஈழத்துப் பாட்டை முழுதாக இருந்து கேட்டீர்கள்? உங்கள் வீட்டுப் பிறந்தநாள் விழாவில் எங்கள் பிள்ளைகள் போட்ட மெட்டு ஒன்றாவது ஒலித்ததுண்டா? கேட்டே பார்க்காமல் அளக்க வந்துவிட்டீர்கள். எங்கள் திருகோணமலையிலேயே பரமேஷ், கோணேஷ் என்று இரண்டு சகோதரர்கள் இசைக்குழு நடத்தினார்கள், சொந்தப் பாட்டு இசைத்தட்டாகவும் வந்தது. அப்பாவிடம் கேளுங்கள், பாடியே காட்டுவார்.

சரி, கோபம் போதும். உங்கள் கடிதத்தை உடனே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஜூனோ என்ற அந்தப் பெயர். அது எப்படி வந்தது என்று தெரியுமா? கனடாவின் ஒலிபரப்பு ஆணைக்குழுவுக்கு முதல் தலைவராக இருந்த பியர் ஜூனோவின் பெயரிலிருந்து வந்தது. அவர் பாடகரும் இல்லை, இசையமைப்பாளரும் இல்லை. ஒரு விதி கொண்டுவந்தவர். 1971 ஜனவரியிலிருந்து ஏ.எம். வானொலிகள் ஒலிபரப்பும் இசையில் 30 வீதம் கனடியப் பாட்டாக இருக்க வேண்டும். பத்துப் பாட்டில் மூன்று. எது கனடியப் பாட்டு என்பதற்கும் கணக்கு வைத்தார்கள்: இசை, பாடியவர், பதிவு, வரிகள் என்ற நான்கில் குறைந்தது இரண்டு கனடாவுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

அதற்கு முன் அந்த நாட்டு நிலைமை எங்களுடையது போலத்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய நாடு, அதே மொழி, அங்கிருந்து வெள்ளம் போல வந்து விழும் பாட்டு. நீல் யங், ஜோனி மிட்சல் போன்ற கனடியப் பாடகர்களெல்லாம் 60களில் அமெரிக்காவுக்குப் போய்த்தான் பெயரெடுத்தார்கள். விதி வந்தபோது வானொலிக்காரர்கள் எதிர்த்தார்கள், போடுவதற்கு நல்ல பாட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். நீங்கள் கேட்ட அதே கேள்வி, பிள்ளை! சிலர் உள்ளூர்ப் பாட்டையெல்லாம் சேர்த்து ஆள் கேட்காத நேரத்தில் தள்ளிவிட்டார்கள், அதற்குக் கனடாவின் தேசிய விலங்கான பீவரின் பெயரால் ‘பீவர் ஹவர்’ என்றே பெயர் விழுந்தது. இருந்தும் விதி நின்றது, பிறகு 35 வீதமாகக் கூடவும் செய்தது. விருது 1970இல் ஓர் இசைச் சஞ்சிகை சின்னதாகத் தொடங்கியது, முதலில் அதற்கு வேறு பெயர். அடுத்த ஆண்டுதான் ஜூனோ என்று ஆனது. தொலைக்காட்சிக்கு வந்தது 1975இல். முந்தி வந்தது விருதுதான், ஆனால் அதற்கு வலு கொடுத்தது அந்த முப்பது வீதம் என்பது என் கட்சி. இதை ஊரில் யாரிடமும் சொல்லி அலுக்கமாட்டேன்.

போன மாதம் என் மருமகன், அக்காவின் மகன், தானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டை எடுத்துக்கொண்டு ஒரு தனியார் வானொலிக்குப் போனான். துணைக்கு நானும் போனேன். அங்கிருந்தவர் பாட்டை அரை நிமிடம் கேட்டார், ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றி மேசையில் வைத்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா சனம் சினிமாப் பாட்டுத்தான் கேக்குது” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் அவன் வாய் திறக்கவில்லை. போடாமல் சனம் எப்படிக் கேட்கும்? இதற்கு எத்தனை விருது கொடுத்து என்ன செய்வது? இங்கேயும் அரச இசை விருது விழா நடக்கத்தான் செய்கிறது. பொன்னாடையோடு படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவரின் பாட்டை அடுத்த நாள் காலையில் யார் முணுமுணுக்கிறார்கள்?

நான் முணுமுணுக்கக் கேட்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். 1978. என் மாமா கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞர். ஆர்மோனியம் வைத்து மெட்டுப் போடுவார். அப்போது இலங்கை வானொலியில் மெல்லிசைப் பாடல்களுக்கென்று நேரம் இருந்தது. இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் ஒரு பாட்டைப் பதிந்துவிட்டு வந்தார். ஒலிபரப்பாகும் நாளன்று அம்மம்மா பற்றரிகளைக் காலையிலிருந்து முற்றத்து வெயிலில் காயவைத்தா. ரான்சிஸ்டர் சன்னல் கட்டையில், வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர், தேங்காய் திருவுகிற சத்தத்தைக்கூட நிறுத்திவிட்டார்கள். மூன்று நிமிடம். மாமா மட்டும் உள்ளே வராமல் கிணற்றடியில் நின்று கேட்டார். அதன்பிறகும் அந்தப் பாட்டு அடிக்கடி வந்தது.

சில வாரம் கழித்து ஒரு விடிகாலை என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திருக்கடலூர்க் கரைக்கு மீன் வாங்கப் போனார். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அம்பா பாடித்தானே இழுப்பார்கள், அன்றைக்கு அந்த அம்பாவில் மாமாவின் மெட்டு. வரிகளை மாற்றிவிட்டார்கள், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியைக் கேலி செய்யும் வரிகள், ஆனால் மெட்டு அவருடையதேதான், நடுவில் ஏறி இறங்கும் இடம்கூட. மாமா செருப்பைக் கையில் பிடித்தபடி ஈரமணலில் நின்றார். இது என்னுடைய பாட்டு என்று அவர்களிடம் சொல்லவில்லை. வலை கரையேறியதும் கீரிமீன் வாங்கினார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. சைக்கிளை உழக்கிக்கொண்டே சம்மாட்டி வரிகளைத்தான் பாடிக்கொண்டு வந்தார்.

அந்தப் பாட்டை வீட்டில் ஒரு கசெட்டில் பிடித்து வைத்திருந்தோம். 90இல் வீட்டை விட்டு ஓடும்போது அது போய்விட்டது. மாமாவும் இப்போது இல்லை. எனக்குப் பல்லவி முழுதாக நினைவிருக்கிறது, சரணத்தில் இரண்டாவது வரி எப்படி யோசித்தும் வரமாட்டேனென்கிறது.

உப்புவெளியில் அந்த நாளில் வானொலியிலிருந்து மெல்லிசை பிடித்து வைத்தவர்கள் சிலர் இருந்தார்கள். உங்கள் அப்பா அவர்களில் ஒருவரோ என்னவோ. பெட்டியைத் திரும்பவும் எடுங்கள், பிள்ளை. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து விட்டுவிட வேண்டாம், ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் ஓடவிட்டுக் கேளுங்கள். ஆர்மோனியம் தனியே தொடங்கி, பிறகு தபேலா சேரும். ஆண்குரல், கொஞ்சம் மூக்கால் பாடும்.