சட்டப்பேரவையில் சிறுபான்மையினர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம், கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். ஆதிதிராவிடர்களுக்கு இருப்பதுபோல இவர்களுக்கும் சட்டப்பேரவையில் தனித்தொகுதிகள் ஏன் இல்லை? (வாசகர், ஆம்பூர்)

பதில்: ஒரு காலத்தில் இருந்தன. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 28 முஸ்லிம்களுக்கும், 8 இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும், 3 ஐரோப்பியருக்கும், 2 ஆங்கிலோ இந்தியருக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. முஸ்லிம் தொகுதியில் வேட்பாளர் மட்டுமல்ல, வாக்களிப்பவரும் முஸ்லிமாகவே இருக்க வேண்டும். 1909இல் மிண்டோ–மார்லி சீர்திருத்தத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. ஆதிதிராவிடர்களுக்கு அப்போது கிடைத்த 30 இடங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தின் வழியே வந்த அந்த இடங்களுக்கு, இறுதி வாக்கெடுப்பில் தொகுதியின் எல்லா வாக்காளர்களும் வாக்களித்தார்கள்.

அரசியல் நிர்ணய சபை இந்த இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கைவிட்டது. 1947 ஆகஸ்டில், சமயச் சிறுபான்மையினருக்குத் தனி வாக்காளர் பட்டியல் வேண்டாம், இட ஒதுக்கீடு மட்டும் இருக்கட்டும் என்று முடிவானது. 1949 மே மாதத்தில், சர்தார் படேல் தலைமையிலான ஆலோசனைக் குழுவின் பரிந்துரையை ஏற்று, அந்த ஒதுக்கீடும் நீக்கப்பட்டது. அதைக் கடைசிவரை எதிர்த்தவர்களில் முதன்மையானவர், அன்று சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப். பிறருடைய வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்படும் ஒருவர் தம் சமுதாயத்தின் உண்மையான பிரதிநிதியாக இருக்க முடியாது என்பது அவர் தரப்பு வாதத்தின் சாரம். அதே சபையில் உறுப்பினராக இருந்த பேகம் ஐசாஸ் ரசூல், ஒதுக்கீடு சிறுபான்மையினரைப் பெரும்பான்மையினரிடமிருந்து என்றென்றைக்கும் பிரித்துவைத்துவிடும் என்று வாதிட்டு அதை எதிர்த்தார். பிரிவினையின் இரத்தம் காயாத அந்த நேரத்தில் சபை பேகத்தின் பக்கம் நின்றதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காயிதே மில்லத்தின் கேள்வி அன்றோடு முடிந்துவிடவில்லை என்பதை அடுத்த பதிலில் பார்க்கலாம்.

தீண்டாமைக்கு ஆளான மக்களுக்கும் பழங்குடியினருக்கும் மட்டும் அரசியல் சட்டத்தின் 332ஆவது பிரிவு இடங்களை உறுதி செய்தது. தமிழகத்தில் இன்று 44 தனித்தொகுதிகள் ஆதிதிராவிடர்களுக்கும் 2 பழங்குடியினருக்கும் உள்ளன. இந்த எண்ணிக்கை 2001 கணக்கெடுப்பின்படி வகுக்கப்பட்டது. அன்று 19 சதவீதமாக இருந்த ஆதிதிராவிடர்கள் 2011இல் 20 சதவீதமாகிவிட்டார்கள், தொகுதிகளின் எண்ணிக்கை மட்டும் மாறவில்லை.

கேள்வி: 2021 தேர்தலில் முஸ்லிம் லீக் மூன்று இடங்களில் நின்று மூன்றிலும் தோற்றது. ஆனால் முஸ்லிம்கள் பலர் வேறு கட்சிகளின் சார்பில் வென்றார்கள். அப்படியானால் பிரதிநிதித்துவம் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? (வாசகர், வாணியம்பாடி)

பதில்: பாதி கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தேர்தலில் ஏழு முஸ்லிம்கள் வென்றார்கள். செஞ்சி, ஆவடி, பாளையங்கோட்டை ஆகிய மூன்றும் தி.மு.க.வுக்கும், வேளச்சேரி காங்கிரசுக்கும், பாபநாசமும் மணப்பாறையும் மனிதநேய மக்கள் கட்சிக்கும், நாகப்பட்டினம் விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக்கும் உரியவை. மக்கள்தொகை விகிதப்படி கணக்கிட்டால் பதின்மூன்று அல்லது பதினான்கு இடங்கள் வர வேண்டும், வந்தது அதில் பாதி.

இந்தப் பட்டியலில் உங்கள் ஊரும் கடையநல்லூரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முஸ்லிம்கள் அடர்ந்து வாழும் இவ்விரு தொகுதிகளில் முஸ்லிம் லீக்கின் ஏணிச் சின்னம் தோற்றது. அவர்கள் சிறு பங்கினராக உள்ள செஞ்சியில் முஸ்லிம் ஒருவர் எளிதாக வென்றார். செஞ்சி வாக்காளர்கள் வேட்பாளரின் சமயத்தைப் பார்க்காமல் வாக்களித்ததை நான் மனமாரப் போற்றுகிறேன்; மத நல்லிணக்கத்துக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஆனால் அந்த வெற்றியைத் தீர்மானித்தது கட்சித் தலைமை கொடுத்த சீட்டு. சீட்டு கிடைத்தால் இடம் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. வாணியம்பாடியே அதற்கு உதாரணம். 2016இல் அ.தி.மு.க.வின் நிலோபர் கபீல் அங்கே முஸ்லிம் லீக் வேட்பாளரைத் தோற்கடித்து அமைச்சரும் ஆனார், யார் வென்றாலும் உறுப்பினர் ஒரு முஸ்லிமாகவே இருந்திருப்பார். 2021இல் அ.தி.மு.க. முஸ்லிம் அல்லாத ஒருவரை நிறுத்தியது, அவரே வென்றார். வாக்காளர்கள் மாறவில்லை, வேட்பாளர் பட்டியல்தான் மாறியது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று சின்னத்தில் இருக்கிறது. மனிதநேய மக்கள் கட்சியின் இரு வேட்பாளர்களும் 2021இல் உதயசூரியன் சின்னத்தில் நின்றார்கள். ஒரு கட்சியின் சின்னத்தில் நின்று வென்றவர், அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணைப்படி, அந்தக் கட்சியின் உறுப்பினராகவே பேரவையில் கருதப்படுவார். 1985இல் கொண்டுவரப்பட்ட கட்சித் தாவல் தடைச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். ஆகவே, தம் சமுதாயத்தை நேரடியாகப் பாதிக்கும் ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வரும் நாளில், சிறிய கட்சியின் தலைவராகவே இருந்தாலும், சின்னம் கொடுத்த பெரிய கட்சியின் கொறடாவுக்கு அவர் கட்டுப்பட்டாக வேண்டும். அவர் வாங்கிய வாக்குகளும் அந்தப் பெரிய கட்சியின் கணக்கில்தான் சேரும் என்பதால், அவருடைய சொந்தக் கட்சி தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரத்தை எட்டுவதும் கடினம். பிறர் வாக்கில் வருபவர் யாருடைய குரலில் பேசுவார் என்று 1949இல் காயிதே மில்லத் கேட்டார். இன்று அந்தக் கேள்வியை வாக்காளர்களிடம் கேட்க வேண்டியதில்லை, கூட்டணித் தலைமைகளிடம் கேட்க வேண்டும்.

விடுதலைச் சிறுத்தைகள் கட்சி அதே தேர்தலில் ஆறு இடங்களில் பானைச் சின்னத்தில் நின்று நான்கில் வென்றது. அந்த நான்கில் திருப்போரூரும் நாகப்பட்டினமும் பொதுத்தொகுதிகள். தனிச்சின்னத்தில் நின்றால் தோல்விதான் என்று கூட்டணிப் பேச்சுவார்த்தைகளில் சொல்லப்படும் வாதம் இந்த ஒரு முடிவிலேயே வலுவிழந்துவிட்டது. முஸ்லிம் லீக்கின் தோல்விக்குச் சின்னத்தைக் காரணம் காட்டுவோருக்கும் ஒரு நினைவூட்டல்: இதே ஏணிச் சின்னம் 2016இல் கடையநல்லூரில் வென்றிருக்கிறது.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவ ஆதிதிராவிடர்கள். சேரியும் சுடுகாடும் எங்களுக்கும் தனிதான். ஆனால் தனித்தொகுதியில் எங்களில் ஒருவர் நிற்க முடியாது என்கிறார்கள். இது உண்மையா? (வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்)

பதில்: உண்மைதான், அம்மா. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து சமயத்தைச் சேர்ந்தவர்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். உங்கள் மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் கிட்டத்தட்ட 47 சதவீதம் இருப்பதால் கிறிஸ்தவ உறுப்பினர்கள் அங்கிருந்து பேரவைக்குப் போவதில் சிரமமில்லை. ஆனால் கிறிஸ்தவர் என்ற பெயரில் செல்பவர் உங்கள் தெருவின் குறையை அறிந்தவராக இருப்பார் என்று எதுவும் உறுதி தருவதில்லை. சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக இருப்பவர்களை எந்தக் கணக்கும் எண்ணுவதில்லை என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

அந்த விதி எவ்வளவு தூரம் பாயும் என்பதை மூணாறு பக்கத்தில் பார்த்தோம். தமிழ்த் தேயிலைத் தொழிலாளர்கள் நிறைந்த தேவிகுளம் தனித்தொகுதியில் 2021இல் வென்று, கேரளச் சட்டப்பேரவையில் தமிழில் பதவியேற்ற ஆ. ராஜாவின் வெற்றியை, அவர் கிறிஸ்தவர் என்று கூறி 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்து, அவர் தேர்வானது செல்லும் என்றது. மொழிச் சிறுபான்மையினரான ஒரு தோட்டத் தொழிலாளர் சமூகம், தான் தேர்ந்தெடுத்தவர் உறுப்பினரா இல்லையா என்று தெரியாமல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

கேள்வி: ஆங்கிலோ இந்தியர்களுக்கு இருந்த நியமன உறுப்பினர் பதவி என்ன ஆயிற்று? (வாசகர், ஜோலார்பேட்டை)

பதில்: 104ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி 2020 ஜனவரி 25ஆம் தேதியோடு முடிந்தது. 2016இல் அமைந்த பேரவையில் நான்சி ஆன் சிந்தியா பிரான்சிஸ் கடைசி நியமன உறுப்பினராக இருந்தார். நாடு முழுவதும் ஆங்கிலோ இந்தியர் 296 பேர்தான் என்று ஒன்றிய அரசு 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் கூறியது. ஜோலார்பேட்டை, போத்தனூர், பரங்கிமலை, பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளை அறிந்த எவரும் அந்த எண்ணை ஏற்க மாட்டார்கள்.

கேள்வி: கூடலூர், பந்தலூர் வட்டங்களில் பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் வாழ்கிறோம். கூடலூர் ஏன் பழங்குடியினர் தொகுதியாகவில்லை? (வாசகர், கூடலூர்)

பதில்: பழங்குடியினரின் விகிதம் எங்கே மிக அதிகமோ அங்கேதான் அவர்களுக்கான தொகுதி அமைய வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறைச் சட்டத்தின் விதி. தமிழகத்துக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள் என்பதால் ஏற்காடும் கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலமும் முந்திக்கொண்டன. முன்பு மூன்று இருந்தது, 2008இல் ஒன்று குறைந்தது. கூடலூர் ஆதிதிராவிடர் தனித்தொகுதியாக இருக்கிறது. உங்களைப்போல மாவட்டங்கள்தோறும் சிதறி வாழும் பழங்குடியினருக்கு இந்த விதியின் கீழ் இடம் கிடைக்க வழியே இல்லை.

ஆனால் ஒன்று செய்யலாம். மறுவரையறை ஆணையம் தன் வரைவை வெளியிடும்போது, ஆட்சேபங்களைப் பெற்றுப் பொது அமர்வுகளில் கேட்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்த அமர்வுக்குக் கட்சிக்காரர்கள் மட்டும் போனால், எல்லைக்கோடு அவர்கள் வசதிக்கேற்ப விழும். எந்த ஊராட்சியில் எத்தனை பழங்குடிக் குடும்பங்கள், எந்தப் பாடியில் எத்தனை வாக்காளர்கள் என்ற பட்டியலை உங்கள் சங்கங்கள் இப்போதே எழுத்தில் தயாரித்து வைத்திருங்கள்.