மேனேஜ்மென்ட் சீட்டுக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

ஐயா,

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள உங்கள் கொலுசுப் பட்டறையிலிருந்து வந்து அரை மணி நேரம் பேசினீர்கள்; அதில் உங்கள் மகள் பேசியது இரண்டே வாக்கியம். செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் சேர்ந்த பி.டெக். படிப்பில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடம் வாங்க, அவளுடைய பெரியப்பா சொன்னபடி வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டீர்கள். பதற வேண்டாம் என்று அன்று சமாதானம் சொன்னேன். இப்போது தெளிவாகச் சொல்கிறேன்: வைக்காதீர்கள்.

அந்தப் படிப்பின் இறுதியாண்டு மாணவர்கள் என்னிடம் காட்டும் புராஜெக்ட்டுகளில் பல, இணையத்தில் கிடைக்கும் டைட்டானிக் பயணிகள் பட்டியலை வைத்து யார் பிழைத்திருப்பார் என்று கணிப்பவை. கப்பல் மூழ்கியது 1912-இல். விடை ஊருக்கே தெரியும். இதற்காகவா வீட்டை அடமானம் வைப்பது?

உங்கள் மகள் சொன்னதைக் கவனித்தீர்களா? "பழுதுக்கு வர்ற கொலுசுல பாதிக்கு மேல திருகுதான் போயிருக்கு. அதை மாத்திப் பாக்கணும்." பட்டறைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் வரைந்திருந்த திருகையும் பார்த்தேன். அவளுடைய நாட்டம் பொருளை வடிவமைப்பதில் என்று இனி யாரும் சொல்லத் தேவையில்லை.

அரசுக் கல்லூரியில் கணிதமோ புள்ளியியலோ சேரட்டும். கூடவே சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். என்ற இளநிலைப் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கட்டும், ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-இல் அனுமதித்துவிட்டது. பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. தேவையில்லை; நான்கு வாரப் பாடங்களைப் படித்து ஒப்படைப்புகளை முடித்து, தகுதித் தேர்வை நேரில் எழுத வேண்டும். எடுக்கும் பாடங்களுக்கு மட்டுமே அந்தந்தப் பருவத்தில் கட்டணம்; இடையில் நிறுத்தினாலும் முடித்த கட்டத்தைப் பொறுத்துச் சான்றிதழோ டிப்ளமோவோ கையில் இருக்கும். ஆனால் எளிது என்று நினைத்துவிடாதீர்கள், வாராவாரம் உட்கார்ந்து படிக்காதவர்கள் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

நான் இதைப் பிடித்துக்கொள்ளக் காரணம், அதன் டிப்ளமோ கட்டத்தில் உண்மையான ஒரு தொழிலின் தரவைத் திரட்டி ஆராயும் புராஜெக்ட் இருப்பதுதான். உங்கள் பட்டறையே அதற்குப் போதும். பழுதுக்கு வரும் ஒவ்வொரு கொலுசுக்கும் மாடல், எடை, விற்ற தேதி, திரும்பிய தேதி, போனது திருகா சலங்கையா என்று அவள் இன்றே எழுதத் தொடங்கலாம். அப்போதுதான் ஒரு சிக்கல் புரியும்: அதிகம் விற்ற மாடல் அதிகமாகத்தான் திரும்பி வரும், ஆகவே விற்ற எண்ணிக்கையால் வகுக்காமல் திருகைக் குற்றம் சொல்ல முடியாது, பழுதானதும் பழைய வெள்ளிக்குப் போட்டு மாற்றிக்கொண்டவர்களோ கணக்கிலேயே வரமாட்டார்கள். அதன் பிறகு, பித்தளையில் மூன்று விதத் திருகு செய்து, தெரிந்த பத்துப் பெண்களிடம் கொடுத்து, அவர்கள் குனிந்து மாட்டும்போது எந்த இடத்தில் விரல் தடுமாறுகிறது என்று பக்கத்திலிருந்து பார்க்கட்டும். பொருள் வடிவமைப்பின் முதல் பாடம் அதுதான்.

இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு கொஞ்சம் பித்தளையும் ஒரு நோட்டும். அடுத்த முறை வரும்போது பழைய கணக்கு நோட்டுகளைக் கொண்டு வாருங்கள். பெரியப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.